நெடியார் ஒருவர் நின்ற பகல்

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களே. கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி வாருங்கள், முதுகில் காற்று அடிக்கும். இன்றைக்கு ஒரு தும்மலின் கதை சொல்லப்போகிறேன். தும்மலில் என்ன கதை என்று சிரிக்காதீர்கள். காலையில் கிளம்பிச் சாயங்காலம்வரை வந்துகொண்டே இருந்த தும்மல் அது. ஒரு குடும்பத்தின் வீடே அதனால் பறிபோகப் பார்த்தது.

ஒரு பெரிய காடு. அதில் மூன்று வகை ஜனங்கள். கிளைகளில் தூளியும் பரணும் கட்டி வாழ்கிறவர்கள் கிளையார். ஒரு கிளை மனதுக்குப் பிடித்துவிட்டால், நீங்கள் முகம் கழுவித் துடைப்பதற்குள் சட்டி பானையோடு குடிவந்துவிடுவார்கள். தரையில் வீடு கட்டிக் கடை வைத்துப் பிழைப்பவர்கள் தரையார். மூன்றாவது நெடியார். மரத்து உயரம், தோளெல்லாம் பாசி, தாடிக்குள் பறவைக் கூடு. அவர்கள் ஓர் அடி எடுத்துவைப்பதற்குள் ஒரு பானைத் தண்ணீர் கொதித்துவிடும். ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் அரைப்பகல் போய்விடும். அதனாலேயே அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பதில் வரும்வரை நிற்க யாருக்கு நேரம்?

தரையாருக்கு ஒரு வழக்கம் உண்டு. மண் யாருக்கும் சொந்தமில்லை, நிழல்தான் சொந்தம். வீட்டு மரத்தின் நிழல் எங்கே விழுகிறதோ அதுதான் அந்த வீட்டு நிலம். காலையில் மேற்கே நீளும், உச்சியில் சுருங்கும், பிற்பகலில் கிழக்கே நகரும். நிலம் நகர்ந்தால் ஆட்களும் நகர வேண்டாமா? அங்கே கட்டிலுக்கும் சக்கரம், அடுப்புக்கும் சக்கரம்.

அந்தத் தெருவில் ஒரு தையற்காரி இருந்தாள். கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அவளும் நாத்தனாரும் ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருந்தார்கள். அவளுடைய மெஷினுக்கு நாலு சக்கரம். நாலு மணி ஆனதும் அவள் மரத்தின் நிழல் கிழக்குப் பக்கத்துச் சலூனுக்குள் நுழையும். பின்னாலேயே மெஷினைத் தள்ளிக்கொண்டு அவளும் நுழைவாள்.

"ஏம்மா, இங்க ஆளு கழுத்துல கத்தி வச்சிருக்கேன். உன் மெஷின் கடகடன்னு அடிக்குது, கை ஆடுது" என்பார் சலூன்காரர்.

"என் நிலத்துல நான் தைக்கிறேன் அண்ணே. நீங்கதான் என் நிலத்துல நின்னு முடி வெட்டுறீங்க" என்பாள் அவள்.

பன்னிரண்டு வருஷமாக இதே பேச்சு.

ஒரு மழைக்காலத்தில் பேய்க்காற்று அடித்து அவள் மரம் வேரோடு சாய்ந்தது. நல்லவேளை, வீட்டின்மேல் விழவில்லை. ஆனால் விடிந்ததும் வாசலில் வெயில், அடுக்களையில் வெயில், தலையணையில்கூட வெயில். அளவுக்காரர் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். தெருவில் யார் நிழல் எது என்று அளந்து சொல்லும் அதிகாரி அவர்.

"மூணு நாள் அவகாசம்மா. மூணாம் நாள், பொழுது விடிஞ்சு அடையுற வரைக்கும் உன் வாசல்ல ஏதாவது ஒண்ணு அசையாம நின்னு நிழல் குடுக்கணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு வெளிக்குப் போயிடணும்."

"மூணு நாள்ல மரம் எப்படிங்கய்யா வளரும்?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்லம்மா."

வெளி என்றால் காட்டுக்கு அப்பால் இருக்கும் பொட்டல். அங்கே போன தரையாருக்குக் கண் கூசிக்கொண்டே இருக்கும். ஊசியில் நூல் கோக்க முடியாது. நூல் கோக்க முடியாத தையற்காரி என்ன செய்து பிழைப்பாள்? அவள் அழவில்லை. அழுதுகொண்டிருந்த நாத்தனாரின் மூக்கைத் துடைத்துவிட்டு, தைக்க வேண்டிய சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு நடந்தாள். அங்கே ஒரு நெடியார், தூக்கிய காலை இன்னும் கீழே வைக்காமல் நின்றிருந்தார்.

"ஐயா! ஒரே ஒரு பகல் என் வாசல்ல வந்து நிப்பீங்களா?" என்று கையைக் குவித்துக் கத்தினாள். பிறகு அவர் காலடியில் உட்கார்ந்து, பொத்தான் நுழையும் துளைகளுக்குக் காஜா எடுக்க ஆரம்பித்தாள். நாற்பது காஜா முடிந்தபோது மேலிருந்து பதில் முழுசாக வந்து சேர்ந்தது.

"ச...ரி."

மறுநாள் முழுக்க அவர் நடந்தார். மூன்றாம் நாள் விடியும்போது அவள் வாசலில் நின்றார். என்ன நிழல் தெரியுமா! வீடு, தெரு, கிணறு எல்லாம் அதற்குள் அடக்கம். அளவுக்காரர் அவளிடமே துணிக்குக் கோடு போடும் சுண்ணக்கட்டியை வாங்கி, நெடியாரின் பாதத்தைச் சுற்றி வரைந்தார்.

"ஒரு விரல் கோட்டைத் தாண்டினாலும் செல்லாது."

எட்டு மணிவரை எல்லாம் நல்லபடியாகப் போனது. அப்புறம் வந்தது ஒரு கிளையார் குடும்பம். விடிந்ததிலிருந்து அசையாமல் நின்றால் அது மரம். கிளையாருக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். காதுக்குக் காது துணிக்கொடி கட்டியாயிற்று. தோளில் அடுப்பு.

"ஏம்மா, அது மரமில்ல, ஆளு!" என்று கீழிருந்து கத்தினாள் தையற்காரி.

"ஆளுன்னா ஆடணுமே? நானும் காலையிலேருந்து பாக்குறேன், ஒரு இலைகூட ஆடல" என்றாள் கிளைக்காரி. "அட, இங்க பாருங்க, இந்தப் பொந்து வாசல்ல புல்லு மாதிரி நீளமா தொங்குது. காத்து உள்ள போகுது, வெளிய வருது. தூளி கட்டினா தானா ஆடுது!"

அவள் பொந்து என்றது நெடியாரின் மூக்கை. மூக்குமுடியில் தூளி, தூளியில் கைக்குழந்தை.

பத்து மணிக்கு மூக்கு நுனி இலேசாகச் சுருங்கியது. பன்னிரண்டுக்கு அது மேலே தூக்கியது. இரண்டுக்குக் கண் மூடியது. தெருவே கூடிவிட்டது.

"தும்மல்" என்றார் அளவுக்காரர். கயிற்றை உயர்த்திப் பிடித்து மூக்கின் ஏற்றத்தை அளந்தார். "இந்த வேகத்துல வந்தா அஞ்சரைக்கு வெடிக்கும். பொழுது அடையுறது ஆறே காலுக்கு."

மரம் உயரத்து மனிதர் தும்மினால் கால் எங்கே இருக்கும், குழந்தை எங்கே இருக்கும்? கிளைக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. அலறிக்கொண்டு முடிச்சை அவிழ்க்கப் போனாள். ஆட ஆட இறுகுகிற கிளையார் முடிச்சு அது, அவிழ்க்க ஒரு நாள் வேண்டும். அவள் தொட்ட தொடுகையில் மூக்கு இன்னும் கூசியது. குழந்தையை மட்டும் தூக்கினால் தூளி எகிறி, தும்மல் அப்போதே வெடித்துவிடும்.

தையற்காரி தன் கத்தரிக்கோலைப் பார்த்தாள். போர்வை வெட்டுகிற கத்தரி, மூக்குக்குள் போகாது. நேரே சலூனுக்குள் நுழைந்தாள்.

"அண்ணே, உங்க சின்னக் கத்தரியை எடுத்துக்கிட்டு மேல வாங்க."

"நானா? ஸ்டூல்ல ஏறிப் பல்பு மாத்தவே எனக்கு ஆள் வேணும்!"

"நான் கீழேருந்து தாங்குறேன். வாங்கண்ணே."

"நீ போயிட்டா என் கடை நிம்மதியா இருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கத்தரியை எடுத்துக் காதில் செருகினார்.

தரைவரை தொங்கிய தாடியைப் பிடித்து ஏறினார்கள். அவர் ஒவ்வொரு பிடிக்கும் ஒரு தடவை கண்ணை மூடினார், அவள் ஒவ்வொரு தடவையும் அவர் காலைத் தூக்கி அடுத்த பாசியில் வைத்தாள்.

"கீழ பாக்காதீங்க."

"பாக்கலம்மா. என் உசுரு அங்கதான் கிடக்குது, அதை எதுக்குப் பாக்கணும்?"

மூக்கடிக்கு வந்தபோது ஐந்து மணி. வாய் முக்கால்வாசி திறந்திருந்தது. கிளைக்காரியும் தையற்காரியும் தூளியை ஆளுக்கொரு பக்கம் ஏந்திக்கொண்டார்கள். கத்தரி விரலில் ஏறியதும் சலூன்காரர் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டார்.

"ஐயா, கொஞ்சம் தலையை ஆட்டாம வச்சுக்கோங்க" என்றார், பழக்க தோஷத்தில்.

கிளிக், கிளிக். தூளி கையோடு வந்தது. குழந்தை விழிக்கக்கூட இல்லை.

"அந்தப் பக்கமும் எடுத்துடட்டுமா?"

"அண்ணே, இறங்குங்க!"

ஐந்தரை ஆயிற்று. தும்மல் மூக்கு நுனியில் நின்று யோசித்தது. பிறகு வந்த வழியே, அதே நிதானத்தில் திரும்பிப் போனது. வாய் மெல்ல மூடியது, கண் மெல்லத் திறந்தது. பொழுது அடைந்ததும் அளவுக்காரர் மண்டியிட்டு, சுண்ணக்கோட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார்.

"கோடு அழியல. இந்த வீட்டுக்கு நிழல் உண்டு."

நாத்தனார் அண்ணியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஆனால் தையற்காரிக்கு மனசு முழுசாக ஆறவில்லை. ஒரு பகலுக்குத்தானே அவர் சரி சொன்னார்? நாளைக்கு அவர் கிளம்பிப் போய்விட்டால், மறுபடியும் அளவுக்காரர் கயிற்றோடு வருவார். அண்ணாந்து பார்த்தாள். நெடியாரின் வாய் மறுபடி திறந்தது. கூட்டம் தலைதெறிக்க ஓடியது.

"பயப்படாதீங்க, பேசப்போறாரு" என்றாள் அவள். காஜாப் பையை எடுத்துவைத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

அந்தப் பேச்சு மூன்று நாள் நீண்டது. அவர் பேசி முடிக்கும்வரை கோட்டைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் பொழுது அடைந்து கடைசி எழுத்தும் வந்து இறங்கியபோது, அவள் அதைக் கோத்து எல்லாருக்கும் சொன்னாள்:

"பகல்ல இங்கயே நிக்கிறேன். பொழுது அடைஞ்சப்புறம் மட்டும் கொஞ்சம் காலாற நடப்பேன்."

"என்னது, என் வீடு நடக்குமா?" என்று மேலேயிருந்து கத்தினாள் கிளைக்காரி.

நெடியார் அப்போதே காலைத் தூக்கியாயிற்று. நாலு அடி போய், நாலு அடி திரும்பி வந்தார். துணிக்கொடி அசைந்தது, தோளில் கட்டியிருந்த தூளி அசைந்தது, கிளைக்காரியின் கூச்சல் பாதியில் நின்றது. அவளே தூங்கிப்போயிருந்தாள். மறுநாள் காலையில் ஏழு கிளையார் குடும்பங்கள் வந்து, மேலே இடம் காலி இருக்கிறதா என்று தையற்காரியிடம் விசாரித்தன.

"அவரையே கேளுங்க. ஆனா பதில் வர்ற வரைக்கும் உக்காரணும்" என்று சொல்லிவிட்டு, அவள் மெஷினைப் புது நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்கள் வாசலில் நிழல் குறையாமல் இருக்கட்டும். தூளியில் கிடக்கும் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கட்டும். நீங்கள் வாய் திறந்தால் முடிக்கும்வரை கேட்க உங்கள் வீட்டில் எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும். நன்றாயிருங்கள்.