மிளகாய் அரைக்கச் சம்மதம்

1

இந்தக் கதையில் நான் காதால் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான். வீட்டு வரி கட்டக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் எழுத்தரிடம் கேட்டாள்: "என் வூட்டுல நான் மொளகா அரைக்கிறதுக்குப் பக்கத்து வூடு எதுக்குங்க சம்மதிக்கணும்?" மற்றதெல்லாம் என் பொறுப்பு.

2

அவளுக்குத் தாமரைச்செல்வி என்று பெயர் வைத்தேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில், வீட்டின் பின்னறையில் ஓர் அரவை மெஷினை இறக்கினாள். லாஸ்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் தூளை வாங்கத் தயார், லைசென்ஸ் இருந்தால். லைசென்ஸுக்கு வேண்டியவை எல்லாம் சேர்ந்துவிட்டன, பக்கத்து வீட்டாரின் ஆட்சேபம் இல்லை என்ற கையெழுத்து தவிர.

பக்கத்து வீட்டுச் சக்கரபாணி ஒரு கொடூரமான

(நிறுத்திவிட்டேன். வில்லன் கிடைத்தால் எனக்கு வேலை சுலபம். சக்கரபாணியை அனுப்பிவிட்டு அந்த வீட்டில் பூவிழியைக் குடிவைக்கிறேன். நல்லவள். மூச்சிரைப்பு உள்ளவள்.)

3

தாமரைச்செல்வி தைரியமாகவே போனாள். காலையில் மட்டும்தான் ஓட்டுவேன், தூள் பறக்காமல் துணிப்பை கட்டுவேன் என்றெல்லாம் சொன்னாள். பூவிழி பொறுமையாகக் கேட்டாள், பேனாவையும் வாங்கிக்கொண்டாள்.

"கையெழுத்து போடறது பெருசில்ல செல்வி. போட்டுட்டா, அப்பறம் எனக்கு இருமல் வந்தா நான் யார்கிட்ட போயி சொல்றது?"

தாமரைச்செல்விக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. வெள்ளோட்டம் விட்ட அன்று பூவிழி இருமியது அவள் காதிலும் விழுந்திருந்தது. மெஷின் சத்தத்தில் விழாததுபோல இருந்துகொண்டாள்.

4

முதல் முடிவு: பூவிழி கையெழுத்துப் போடுகிறாள். எழுதிப் பார்த்து அடித்தேன். அந்த இருமலை எங்கே வைப்பது? இரண்டாவது: தாமரைச்செல்வி மெஷினை விற்றுவிடுகிறாள். அதையும் அடித்தேன். அவள் விற்கிற ஆள் இல்லை.

மூன்றாவது: தாமரைச்செல்வி பேனாவைத் திரும்ப வாங்கி, காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். 'பூவிழி அக்கா நிறுத்தச் சொன்னால் மெஷின் நிற்கும்' என்று அடியில் எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். (அலுவலகம் இதை ஏற்குமா என்று என்னைக் கேட்காதீர்கள்.)

பூவிழி படித்துவிட்டு, பேனாவை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "மொதல்ல போயி மெஷின ஓட்டு. நான் இங்கியே உக்காந்து பாக்கறேன்."

5

மெஷின் ஓடுகிறது. பூவிழி பேனாவைப் பிடித்தபடி மூச்சை உள்ளே இழுக்கிறாள். அது எப்படி வெளியே வரும் என்பதை நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு நேரமும் நான் தாமரைச்செல்வி வீட்டிலேயே இருந்துவிட்டேன். பூவிழி வீட்டில் போய் நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள்.