பார்க்காமல் சொன்ன ‘வந்துடுச்சு’

1

“மாமா கேட்டப்ப நீ பாத்துட்டாப்பா சொன்னே?”

என் மகள் கேட்டது இது. அவளுக்கு ஒன்பது வயது. சாப்பாட்டு மேசையில், பிடிக்காததையெல்லாம் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். இந்தக் கதை அந்தக் கேள்வியில்தான் பிறந்தது. பிறந்த கையோடு என்னை அறைந்தது.

அதற்கு முன்பு இது கதையாக இல்லை, கட்டுரையாக இருந்தது. எங்கள் பிரார்த்தனைக் கூடத்தின் மாத இதழில் பதினோரு ஆண்டுகளாக நல்லொழுக்கப் பக்கம் எழுதிவருகிறேன். அந்த மாதத் தலைப்பு ‘அரைகுறைக் கவனம்’. முதல் வரி இப்படி:

‘கவனமில்லாத ஒரு கை ஓர் எஞ்சினையே கொன்றுவிடும் என்பதை என் நெருங்கிய உறவினர் ஒருவர் எனக்குக் கற்றுத்தந்தார்.’

நல்ல வரி என்று எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. சாப்பிடும்போது சத்தமாகப் படித்துக் காட்டினேன். மனைவி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உறவினர் என்று நான் எழுதியிருந்தது அவளுடைய தம்பியை. மகள்தான் கேட்டாள். கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள். நான் தாளை மடித்தேன்.

2

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். காருக்கு ஆயில் மாற்றிப் பழக்கமில்லாதவர்களுக்கும் புரியவேண்டும். புரிந்தால்தான் சரியான ஆள்மீது கோபம் வரும்.

என் காருக்கு ஆயில் மாற்றவேண்டிய தேதி போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மைத்துனன் டயர் கிடங்கில் வேலை செய்கிறான். டயர் அடுக்கிப் பிழைத்தாலும் எஞ்சின் என்றால் அவனுக்கு உயிர். “கராஜுக்கு எதுக்கு அத்தான், நான் வந்து மாத்தித் தரேன்” என்றான். விடுமுறை நாளில் காலையிலேயே வந்துவிட்டான். சொந்த ஸ்பானர்கள், சொந்தப் புனல், பழைய ஆயிலைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி, எல்லாம் கொண்டுவந்தான். காரின் முன்சக்கரங்களை இரண்டு இரும்புச் சாய்வுகளில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தான். எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, ஆயில் இளகியதும் நிறுத்தினான். அட்டையை விரித்துக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தான். அடிநட்டைத் திருகியதும் ஆயில் தார்போல இறங்கியது. கடைசிச் சொட்டுவரை காத்திருந்து, நட்டுக்குப் புது வாஷர் போட்டு மூடினான். பிறகு ஃபில்டரைக் கழற்றினான்.

ஃபில்டர் என்பது ஒரு தகர டப்பா. அதன் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். டப்பாவைக் கழற்றினால் வளையமும் கூடவே வரவேண்டும். சில சமயம் சூட்டில் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம் உட்காரும். முதலில் ஒன்றும் தெரியாது. ஓடி ஓடி அழுத்தம் ஏறும்போது ஆயில் பிய்த்துக்கொண்டு வெளியேறும்.

இது அவனுக்குத் தெரியும். அப்போது அவன் கண்ணில் ஒரு சொட்டு ஆயில் விழுந்திருந்தது. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையால் பழைய ஃபில்டரை என்னிடம் நீட்டினான். “அத்தான், ரிங் கூட வந்துச்சான்னு பாருங்க” என்றான்.

நான்

(முதல் வரைவில் இந்த இடமே கிடையாது. ‘பிறகு புது ஃபில்டரை மாட்டினான்’ என்று ஒரே தாண்டாகத் தாண்டியிருந்தேன். எழுதத் தெரிந்தவனுக்கு இது பெரிய வசதி. எந்த இடத்தில் பத்தி பிரிக்கவேண்டும் என்று கை தானாகவே கண்டுபிடித்துவிடும்.)

3

புது ஃபில்டரைக் கையாலேயே இறுக்கினான். புது ஆயிலை அளந்து ஊற்றினான். எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி கீழே படுத்து, டார்ச் அடித்துக் கசிகிறதா என்று பார்த்தான். கசியவில்லை. பழைய ஆயிலைக் கேனில் ஊற்றி அவனே எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் வெளியூரில் எனக்கு ஒரு பேச்சு இருந்தது. தலைப்பு பொறுமை. நேரமாகிவிட்டதென்று விரட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில், ஆயில் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தது. நேற்றுத்தானே மாற்றினோம் என்று ஐந்து நிமிடம் அப்படியே ஓட்டினேன்.* கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு சத்தமே வரவில்லை. எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டது. வண்டியை இழுத்துப்போன மெக்கானிக், இரண்டு வளையங்களையும் ஒரே விரலில் மாட்டிக் காட்டி, “யாரு சார் மாத்துனது?” என்றார்.

“என் மச்சினன்.”

அன்று மாலை அவனை வீட்டுக்கு வரவழைத்தேன். மனைவி, மகள், மாமியார், மாமனார் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. உன்னை நம்பினதுக்கு என்னைச் சொல்லவேண்டும் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினேன். மேடைப் பழக்கம் இருப்பதால் தடங்கலே வரவில்லை. அவன் கதவருகே நின்று கேட்டான். “மன்னிச்சிடுங்க அத்தான்” என்று ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

* ஐந்து என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு இருக்கும்.

4

மகள் கேட்ட பிறகு கட்டுரையைக் கிழித்தேன். கதையாக எழுதினால் உண்மை சொல்வது சுலபம் என்று நினைத்தேன். இரண்டாம் வரைவில் ஓர் அண்டைவீட்டுக்காரரை உண்டாக்கினேன். பெரிய மீசை, கோடுபோட்ட லுங்கி, எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கும் குணம். மைத்துனன் ஃபில்டரை நீட்டும்போது அவர் வாங்குகிறார், பார்க்காமலேயே ‘வந்துடுச்சு’ என்கிறார். காரின் சொந்தக்காரன் பாவம், அந்த நேரம் உள்ளே போய்

(அடித்துவிட்டேன்.)

அந்த மீசைக்காரர்மீது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இல்லாத மனிதரை இரண்டு பக்கம் திட்டியிருக்கிறேன். மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

“நல்லா கோபமா எழுதியிருக்கீங்க. யார் மேலன்னுதான் தெரியல.”

“அதான் அந்த மீசைக்காரர்…”

“நம்ம பக்கத்து வீட்ல கல்யாணமாகாத ரெண்டு டீச்சருங்கதாங்க இருக்காங்க.”

சரி. மீசைக்காரரை அனுப்பிவிட்டேன். ஃபில்டரை வாங்கியது நான்தான். இடது கையில் ஒரு செய்தித்தாளோடு சேர்த்து வாங்கினேன். வலது கையில் போன். நாற்பது பேருக்கு ஒரு காலைச் சிந்தனையை அனுப்பிக்கொண்டிருந்தேன். ‘இன்று ஒருவர் பேசுவதையாவது முழுதாகக் கேளுங்கள்’ என்பது சிந்தனை. கண்ணை எடுக்காமல் “ம், வந்துடுச்சு” என்றேன். செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன். படியில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த மகள் இதையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

நான் இதை மறைத்தேனா, மறந்தேனா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். மறந்துதான் போனேன். அதுதான் எனக்கு ஆத்திரம். மறைத்திருந்தால் ஓர் இரவாவது உறுத்தியிருக்கும். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

5

இங்கே கதை முடிந்திருந்தால் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். மன்னிப்புக் கேட்பதைப் பற்றி நான்கு கட்டுரை எழுதியிருக்கிறேன், அதில் ஒன்றை எடுத்துப் பார்த்துச் செய்திருப்பேன். ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பு இருக்கிறது.

மகள் கேட்பதற்கு மூன்று வாரம் முன்பு, கடைத்தெருவில் இருக்கும் கராஜின் முதலாளி என்னை அழைத்தார். பிரார்த்தனைக் கூடத்துக்கு வருபவர். மைத்துனன் அங்கே மெக்கானிக் வேலை கேட்டிருக்கிறான். நாலு வருடமாக அவன் ஆசைப்பட்ட இடம் அது. ஆளைப் பிடித்திருக்கிறது, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்றார்.

நான் சொன்னேன்: “நல்ல பையன். கை சுத்தம். ஆனா கவனம் பத்தாது.”

அவர், “எஞ்சின் வேலைக்குக் கவனம்தானே சார் எல்லாம்” என்றார். நன்றி சொல்லி வைத்தார்.

(இந்தக் காட்சியில் முதலாளியைக் கொஞ்சம் கெட்டவராக ஆக்கிப் பார்த்தேன். சோதித்துப் பார்க்காமல் ஓர் ஆளைத் தள்ளுவது நியாயமா என்றெல்லாம் எழுதினேன். நிற்கவில்லை. அவர் சோதித்தார். சோதிக்க அவருக்குக் கிடைத்த கருவி நான்.)

6

மகள் கேட்ட மறுநாள் மைத்துனனைப் பார்க்கப் போனேன். போகும் வழியில் கராஜ் வாசலில் ‘மெக்கானிக் தேவை’ என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. டயர் கிடங்கில் மதிய இடைவேளை. ரப்பர் நெடி மூக்கைத் துளைத்தது. படுக்கவைத்த லாரி டயர்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், டப்பாவை மூடினான், பக்கத்து டயரைத் துணியால் துடைத்து உட்காரச் சொன்னான். அந்தத் துடைப்பிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அன்னிக்கு ரிங் வந்துச்சான்னு என்கிட்ட கேட்டியா?”

“கேட்டேன் அத்தான்.”

“நான் என்ன சொன்னேன்?”

“வந்துடுச்சுன்னீங்க.”

“அப்புறம் ஏன்டா அவ்ளோ பேர் முன்னாடி நான் கத்தும்போது வாயத் திறக்கல?”

அவன் டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

“பொண்ணு இருந்தாளே. அவ முன்னாடி எப்படிச் சொல்றது, உங்கப்பாதான்னு.” பிறகு சிரித்தான். “அன்னிக்கு வேற பொறுமையப் பத்திப் பேசப் போனீங்க. நானும் கொஞ்சம் பழகிப் பாத்தேன்.”

“விளையாடாதே.”

“இல்ல அத்தான். நானே விரல விட்டுத் தடவிப் பாத்திருக்கணும். உங்கள நம்பிக் கேட்டது என் தப்பு.”

நாற்பது முறை எழுதிப் பார்த்துவிட்டேன் அந்தக் கடைசி வாக்கியத்தை. அதில் அவன் என்னைத் திட்டினானா, தாங்கினானா என்று இன்னும் தெரியவில்லை. திட்டியிருந்தால் அங்கேயே கணக்குத் தீர்ந்திருக்கும். சின்னச் சின்ன நன்மைகளால்தான் உலகம் நிற்கிறது என்று பதினோரு ஆண்டு எழுதியவன் நான். நன்மை செய்பவன் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதினேன். வாங்கிக்கொள்பவன் பக்கம் இத்தனை எரியும் என்று தெரியாது.

கிளம்பும்போது அவன் சொன்னான்: “அந்தக் கராஜ் முதலாளி ஏனோ இப்பல்லாம் போன் எடுக்கறதில்ல அத்தான். நீங்க பாத்தா ஒரு வார்த்தை சொல்லுங்க.”

நான் “சரி” என்றேன்.

ஆம், அவ்வளவுதான் சொன்னேன். வளையத்தை ஒப்புக்கொள்ளப் போனவன் அழைப்பை முழுங்கிவிட்டு வந்தேன். வாசகரே, இந்த ஆளை ஒரு பாத்திரமாக மாற்ற எவ்வளவோ பார்த்தேன். இப்படிப்பட்டவனை யார் நம்புவார்கள் என்று என் கை நிற்கிறது. ஆனால் இவன் காலையில் ஒழுங்காகப் பிரார்த்தனை செய்கிறவன். நீங்கள் இவனைப் பார்த்திருப்பீர்கள்.

7

முடிவுகள்.

முதல் முடிவு: அவன் இல்லாத நேரம் பார்த்து அவனுடைய பழைய வேனுக்கு நானே ஆயில் மாற்றுகிறேன். யாருக்கும் தெரியாது. மனம் குளிர்கிறது. யாருடைய மனம்? அவனுக்கு வேண்டியது வேலை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: முதலாளியிடம் போனில் சொல்கிறேன். என் குரல் எனக்குத் தெரியும். ‘ரெண்டு பேர் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குங்க’ என்று குழைவேன். எஞ்சின் பழசு என்பேன். அடித்துவிட்டேன்.

மூன்றாம் முடிவு: வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் கூட்டி, எல்லார் முன்பும் கண்ணீரோடு ஒப்புக்கொள்கிறேன். மகள் என்னைக் கட்டிக்கொள்கிறாள்.

இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அதனாலேயே அடித்தேன். அரைமணி நேரம் அவனைத் திட்டி ஒரு மேடை, அழுது இன்னொரு மேடையா? மாமனார் மாமியாரிடம் தனித்தனியாக, உட்கார்ந்து, ஒரே வாக்கியத்தில் சொன்னேன். மகளிடம், “இல்லம்மா, பாக்காமதான் சொன்னேன்” என்றேன். “எனக்குத் தெரியும்” என்றாள். கட்டிக்கொள்ளவில்லை.

ஆக, முடிவை நான் எழுதப்போவதில்லை. முதலாளி அவனைக் கூப்பிட்டாரா, அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டானா, முதலாளியிடம் நான் சொன்னதைத் தெரிந்துகொண்டபின் மைத்துனன் என்னை அத்தான் என்றே கூப்பிடுகிறானா என்பதையெல்லாம் நீங்கள் எழுதுங்கள். உங்களிடமும் யாராவது ஒருநாள் ஓர் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். என்ன சொன்னீர்கள் என்று ஞாபகமிருந்தால், அங்கிருந்து தொடங்குங்கள்.

8

இதை மட்டும் சொல்கிறேன்.

கராஜ் முதலாளிக்கு ஒரு தாளில் ஏழு வரி எழுதினேன். அவன் கேட்டது, நான் பார்க்காமல் சொன்னது, விளக்கு எரிந்தும் நான் பன்னிரண்டு நிமிடம் ஓட்டியது, அவன் கவனத்தில் குறை இல்லை, குறை என்னுடையது, நான் உங்களிடம் சொன்ன வார்த்தை தவறு. கீழே என் முழுப்பெயர். மீசைக்காரர் இல்லை, ‘ஆனால்’ இல்லை.

அதை ஓர் உறையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கடைத்தெருவுக்குப் போனேன். மகளையும் அழைத்துப் போகலாமா என்று வாசல்வரை யோசித்தேன். அவள் பார்க்கவேண்டும் என்று எனக்கு அத்தனை ஆசை இருந்தது. அதனால் தனியாகப் போனேன்.

கராஜ் பூட்டியிருந்தது. தெருவில் யாருமில்லை. ஷட்டருக்கு அடியில் விரலளவு இடைவெளி. உறையைத் தள்ளினேன். பாதி போய், உள்ளே எதிலோ முட்டி நின்றது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காற்றோ நாயோ இழுத்துப்போகும். குந்தி உட்கார்ந்து தள்ளினேன், போகவில்லை. முட்டி போட்டுத் தள்ளினேன். பிறகு பிரார்த்தனைக்குத் தேய்த்துப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு அந்த அழுக்குத் தரையில் முழுதாகப் படுத்து, கன்னம் சிமெண்டில் பட, விரல்களை உள்ளே விட்டு, அது அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை தள்ளினேன்.