தெருமுனையில் ஒரு குழாய்

மேட்டுக் குடியிருப்புக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் அந்தத் தெருவுக்கு அடியில்தான் போனது. ஆனால் தெருவில் ஒரு வீட்டுக்கும் இணைப்பு இல்லை. மனைக்குப் பத்திரம் இல்லாதவர்களுக்குத் தர விதியில் இடமில்லை என்றது குடிநீர் வாரியம். அந்தத் தெருவில் இருந்த தையல்காரி ஒருத்தி முன்னால் நின்று, மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு வாரியத்தின் மேல் வழக்குப் போட்டாள்.

அவர்களுடைய வக்கீலம்மா சர்வதேச உடன்படிக்கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் மனித உரிமை, பத்திரம் பார்த்துத் தரக்கூடாது, நம் நாடும் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று வாதாடினாள்.

"கையெழுத்துப் போட்டீங்க இல்ல?" என்று நீதிபதி அரசு வக்கீலைக் கேட்டார்.

"போட்டோம் ஐயா. படிப்படியா நிறைவேத்துறோம்னுதான் போட்டோம்."

அந்தப் படிப்படியிலேயே வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் அரசு வக்கீல் கோர்ட் வராந்தாவுக்குச் சமரசம் பேச வந்தான். வக்கீலம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். தெருமுனையில் ஒரு பொதுக்குழாய் போட்டுத் தருவார்கள், வழக்கை வாபஸ் வாங்க வேண்டும் என்றான்.

அவன் போனதும், "ஒத்துக்காதீங்கக்கா," என்றாள் வக்கீலம்மா. "தீர்ப்பு வந்தா இதே மாதிரி எல்லாத் தெருவுக்கும் உதவும். குழாய வாங்கிட்டா, ஏதோ போனாப் போகுதுன்னு அவங்க குடுத்ததா ஆயிடும்."

பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. "தீர்ப்பு நம்ம பக்கம் வந்தா, அவங்க அப்பீலுக்குப் போகமாட்டாங்களா?"

வக்கீலம்மாவுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "போவாங்க."

"நீங்க சொல்றது நியாயந்தான். உடம்பு கேக்கலியே. மருமக மாசமா இருக்கா. அவளும் குடத்தத் தூக்கிட்டுப் போய் மேட்டு வீட்டு கேட்ல நிக்கிறா. ஊருக்கெல்லாம் சேர்த்து நாங்களே எத்தன நாள் நிக்கிறது?"

கெஞ்சிப் பார்க்கவும் வக்கீலம்மாவிடம் தெம்பில்லை. அந்தக் குடத்தை ஒருநாளும் தூக்காதவள் அவள். வாபஸ் மனுவை அன்றே தாக்கல் செய்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

குழாய் வந்தது. காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். வக்கீலம்மா பார்க்கப் போன அன்று வரிசை நெளிந்து வளைந்து நின்றது. தையல்காரி ஒரு சொம்பு நீட்டினாள். வக்கீலம்மா வாங்கிக் குடித்தாள். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

"பக்கத்துத் தெருக்காரங்களும் இங்கதான் வர்றாங்க. விரட்டுன்னு எங்காளுங்க சத்தம் போடுறாங்க. எப்படி விரட்டுறது? அவங்களுக்கும் பத்திரம் கிடையாது. கேஸ் போடுற விஷயமா உங்களப் பாக்கணும்னாங்க, கூப்பிடட்டுமா?"

வக்கீலம்மா பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லுங்கக்கா. இன்னிக்கு முடியல."