சாவியை மட்டும் கொடுத்தவர்

எட்மண்ட் சாருக்குச் சேலையூர் காலனியில் நல்ல பெயர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் ஜெபம் பண்ண அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அவர் வாயில் இல்லை என்ற சொல்லே வராது என்பார்கள். வராதுதான். வினையே அதில்தான் இருந்தது.

அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார். வாரம் தவறாமல் குளிப்பாட்டி, போர்வை போர்த்தி வைத்திருந்தார். அவர் மனைவி ஹில்டாவின் தம்பி ஆபேல் அடுத்த தெருவில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தான். சிறுசேரிப் பக்கம் ஒரு கேன்டீனுக்குக் காய்கறி போடுகிற வியாபாரம். அவனுடைய டெம்போ படுத்துக்கொள்ளும்போதெல்லாம், "அத்தான், வண்டி கெடைக்குமா?" என்று வந்து நிற்பான். ஒரு தடவை வெங்காய மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஞாயிறு கோயிலில் இறங்கினால் ஹில்டாவின் பட்டுப்புடவை முழுக்க வெங்காயச் சருகு! மச்சானிடம் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல எட்மண்டுக்கு மனம் வரவில்லை. பெயர் போய்விடுமே! அதனால் ஓர் எலக்ட்ரீஷியனைப் பிடித்து, திருட்டுப் பயம் என்று காரணம் சொல்லி, ஸ்டியரிங்குக்கு அடியில் கண்ணில் படாத இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்துக்கொண்டார். அதை அணைத்துவிட்டால் பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போகாது. என்ஜின் சுற்றும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது.

அப்புறம் கேட்பானேன்? ஆபேலின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே போர்ட்டிகோவுக்கு ஓடிப்போய் சுவிட்சைத் தட்டிவிடுவார். "தாராளமா எடுத்துட்டுப் போ மச்சான்" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சாவியை நீட்டுவார். அவன் கிர்ர் கிர்ர் என்று சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க வண்டிக்கு வயசாயிடுச்சு அத்தான்" என்று சாவியைத் திருப்பிக் கொடுப்பான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் ஒரே ஆள்.

ஆபேலின் மகள் ஜெரூஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெருங்களத்தூரில் மாப்பிள்ளை வீட்டார் கோயிலில் ஆராதனை. "எட்மண்ட் மாமா கார்லதான் கோயிலுக்குப் போவேன்" என்று பெண் ஒரே பிடியாக நின்றாள். அந்தக் காரில் உட்கார்ந்துதான் அவள் பள்ளிக்கூடம் போய்ப் படித்தாள். எட்மண்டுக்கும் பெருமைதான். ஆபேலின் வீட்டு மாடிப்படி குறுகல் என்பதால் எட்மண்டின் வீட்டிலேயே பெண்ணுக்கு அலங்காரம் நடந்தது. முதல்நாள் மாலை ஆபேல் பூக்காரரை அழைத்து வந்து, போர்ட்டிகோவிலேயே காருக்கு ரோஜாச் சரம் கட்டினான்.

கல்யாணக் காலை. உறவுக்காரர்கள் எல்லோரும் இரண்டு வேனில் முன்னால் போய்விட்டார்கள். வெள்ளைப் புடவையும் முக்காடுமாக ஜெரூஷா பின்சீட்டில் உட்கார்ந்தாள். எட்மண்ட் சாவியைத் திருப்பினார்.

கிர்ர், கிர்ர், கிர்ர்.

மறுபடி திருப்பினார். சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது. "இன்னைக்குப் பார்த்தா!" என்று ஹில்டா வாயில் கை வைத்தாள்.

"நீங்க எறங்குங்க அத்தான், நான் பாக்கறேன்" என்று ஆபேல் கோட்டைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தான். புத்தம்புது வெள்ளைச் சட்டை. அதோடு பானெட்டைத் திறந்து குனிந்தான்.

"பேட்டரி இல்ல. செல்ஃப் நல்லா சுத்துது" என்றான். ஒரு பிளக்கைக் கழற்றி, அதை வயரில் மாட்டி இரும்பில் ஒட்டவைத்து, எட்மண்டைச் சாவி திருப்பச் சொன்னான். நீலமாகப் பொறி பறந்தது. "கரண்ட்டும் வருது. அப்போ பெட்ரோல்தான் வரல." பிளக்கைப் பழையபடி மாட்டிவிட்டு, பம்பு இருக்கிற பின்சீட்டின் மேல் காதை வைத்து, "சாவியை ஆன்ல மட்டும் வைங்க அத்தான். பம்பு உய்ங்குனு ஒரு சத்தம் குடுக்கணும்" என்றான்.

எட்மண்ட் சாவியை வைத்தார். சத்தமே இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நேற்று மாலை ஆபேலின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும், பழக்க தோஷம், கை தானாகப் போய் சுவிட்சைத் தட்டியிருக்கிறது! பூக்கட்ட வந்தவனுக்கும் அதே வரவேற்பு. இப்போது கையை விட்டுச் சுவிட்சைப் போட்டால் இது என்ன என்று நாலு பேரும் கேட்பார்கள். என்னவென்று சொல்வது? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை.

"ஃபியூஸும் நல்லாத்தான் இருக்கு" என்று ஆபேல் நிமிர்ந்தான். சட்டை மார்பில் கறுப்பாக எண்ணெய்க் கறை. "பம்பேதான். எனக்குத் தெரியும் அத்தான், எத்தனை தடவை இப்படிப் படுத்திருக்கு! அதான் போன வாரமே புதுப்பேட்டை போய் ஒரு பம்பு வாங்கி வச்சேன். கல்யாணத்தன்னிக்கு உங்களுக்குத் தலைகுனிவு வரக்கூடாதில்ல." ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தான். "ஜெரூ, எறங்கும்மா. சீட்டைக் கழட்டணும்."

பூமி பிளந்து விழுங்கக்கூடாதா என்று இருந்தது எட்மண்டுக்கு. அந்த நேரம் பார்த்து, ஆபேலின் மனைவி ஜெனி வீட்டுக்குள்ளிருந்து காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தாள். அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது. போன மழைக்காலத்தில் ஒருநாள் பாசிப் படியில் வழுக்கி அவள் கால் முறிந்தது. "அத்தான்!" என்று ஆபேல் ஓடிவந்த சத்தம் கேட்டதுமே, எதற்கு என்று தெரியாமலே எட்மண்ட் சுவிட்சை அணைத்திருந்தார். தெரிந்த பிறகாவது போட்டிருக்கலாம். போடவில்லை. அவர் பக்கத்தில் நின்று உச்சுக்கொட்டிக்கொண்டிருக்க, தூக்கி வந்து பின்சீட்டில் கிடத்திய ஜெனி அம்மா அம்மா என்று அரற்ற, ஆபேல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் இறங்கி ஓடி ஓர் ஆட்டோவைப் பிடித்தான்.

"சீட்டெல்லாம் கழட்டினா எப்பப் போய்ச் சேர்றது? கால் டாக்சியும் கெடைக்கல" என்றாள் ஜெனி. "அண்ணா, நீங்க ஒரு ஜெபம் பண்ணிட்டு இன்னொரு வாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. உங்க ஜெபம் கேக்கப்படும்."

"ஆமாங்க, பண்ணுங்க" என்றாள் ஹில்டா.

எட்மண்ட் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். காரைச் சுற்றி நின்றவர்கள் தலை குனிந்து கண்களை மூடினார்கள். எண்ணெய்க் கையைக் கட்டிக்கொண்டு ஆபேலும் மூடினான்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம். தடைகளை நீக்கிப்போடுகிற ஆண்டவரே..." குரல் நடுங்கியது. உருக்கத்தில் நடுங்குகிறது என்று நினைத்து ஹில்டா மூக்கை உறிஞ்சினாள். எட்மண்டின் இடது கை மெல்ல ஸ்டியரிங்குக்கு அடியில் போனது. ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டார். சே, இதைவிடக் கேவலம் உண்டா என்று அவர் மனமே அவரைக் காறித் துப்பியது. "ஆமென்" என்று சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" ஜெனி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

செய்தி அவர்களுக்கு முன்னால் கோயிலுக்குப் போய்விட்டது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஆயரே அவர் தோளைத் தட்டினார். "ஞாயித்துக்கெழமை சபை முன்னாடி இதைச் சாட்சியா சொல்லணும் சார்." எட்மண்ட் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

மண்டபத்துக்குப் புறப்பட வேண்டும். எட்மண்ட் வண்டியை ஸ்டார்ட் செய்து வாசலில் நிறுத்தி, இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். ஜெரூஷாவும் மாப்பிள்ளை எபியும் பின்சீட்டில் ஏறினார்கள். கோட்டுப் பொத்தானைப் போட்டுச் சட்டைக் கறையை மறைத்திருந்த ஆபேல், அந்தப் பிளாஸ்டிக் பையும் கையுமாக வந்தான். "அத்தான், சூடு ஆறினா மறுபடி மக்கர் பண்ணும். மண்டபத்துல வச்சு பம்பை மாத்திடறேன்."

"பம்பு வேணாம்பா" என்றாள் ஜெரூஷா உள்ளேயிருந்து, உற்சாகமாக. "மாமா கால்கிட்ட ஒரு சுவிட்ச் இருக்கு. அதைப் போட்டாதான் ஸ்டார்ட் ஆகும். ஜெபத்துல பாத்தேன். மை காயல, கண்ணை மூடாதன்னு பார்லர் அக்கா சொல்லியிருந்தாங்க."

ஆபேல் சிரித்துக்கொண்டேதான் ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்தான். துழாவினான். டிக் என்றது. ஓடிக்கொண்டிருந்த என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

அவன் நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"எல்லாத் தடவையும் இதுதானா அத்தான்?"

எட்மண்ட் திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெனிக்குக் கால் ஒடிஞ்ச அன்னிக்கும்?"

ஆமாம் என்று எட்மண்டின் தலை மெல்ல ஆடியது. பொய் சொல்லக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

ஆபேல் கத்தியிருந்தால் தேவலை. அவன் கத்தவில்லை. "குடுக்க மனசில்லன்னா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான்" என்றான். "நான் அவளை இந்த வண்டியில ஏத்தியே இருக்க மாட்டேன். முதல்லயே ஆட்டோவைக் கூப்பிட்டிருப்பேனே."

எட்மண்ட் வண்டியிலிருந்து சாவியை உருவி அவனிடம் நீட்டினார். அது ஒன்றுதான் அவருக்குச் செய்யத் தெரிந்தது.

"வேணாம். நீங்களே ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஆபேல் வேனைப் பார்த்து நடந்தான்.

வாசலில் ஹில்டா நின்றாள், ஆயர் நின்றார், காலைச் சாய்த்தபடி ஜெனி நின்றாள். "என்னண்ணா, மறுபடி நின்னுடுச்சா?" என்று கேட்டாள். எட்மண்ட் ஏறி உட்கார்ந்தார். எல்லோரும் கண் திறந்து பார்த்திருக்க, குனிந்து, கையை விட்டு, சுவிட்சைப் போட்டார்.