கீழ்வீட்டு ரேடியேற்றர்கள்

கிளெமென்ற் குழாய் திருகும் என்னுடைய பைப் றெஞ்சைத் தூக்கியபோது நான் தண்ணீரின் குணத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், க்ரூருட் என்ற புறநகரில் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய வீடு அது. மேல்வீட்டில் கிளெமென்ற், மனைவி, பிறந்து ஆறு கிழமையான குழந்தை. கீழ்வீட்டில் அவனுடைய அக்கா அனஸ்ரேசியாவும் அவளுடைய புருஷன் ஞானரட்ணமும். நிலக்கீழ் அறையில் இருந்த ஒரே கொதிகலன்தான் இரு வீட்டுக்கும் சூடு கொடுத்தது. அந்த நிலக்கீழ்த் தளத்தை அறைகளாக்கி வாடகைக்கு விட ஞானரட்ணம் விரும்பியதால், 2002 கார்த்திகையில் குழாய் வேலை செய்யும் நான்தான் அங்கே சுடுதண்ணீர் ஓடும் மூன்று ரேடியேற்றர்களைக் கூடுதலாகப் பொருத்திக் கொடுத்தேன்.

தை மாதம் மைனஸ் இருபது. மேல்வீடு விறைத்தது. மின்னடுப்பின் கதவைத் திறந்துவைத்து, குசினியில் குழந்தையைக் கிடத்தினார்கள். கிளெமென்ற் கீழே இறங்கிப் புதிய ரேடியேற்றர்களை மூடினான். மூடியதும் மேலே சூடு வந்தது. அத்தான் வேண்டுமென்றே செய்கிறார் என்பதற்கு அதுவே அவனுக்குச் சாட்சியாயிற்று. ஞானரட்ணம் வந்து திறந்துவிட்டார். ஒன்பது நாள் இப்படிப் போக, அனஸ்ரேசியா எனக்கு ரெலிபோன் எடுத்தாள்.

அவள் சொல்லி முடிக்கும் முன்பே பிழை எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் சோம்பேறி. பம்ப் தள்ளினால் இலகுவான வழியைத்தான் தேடும். கொதிகலனுக்குக் கிட்டவுள்ள ரேடியேற்றர்களுக்குள் புகுந்து, சூட்டை இறக்கிவைக்காமலே திரும்பி வந்துவிடும்; மாடிக்கு ஏறப் போதிய தண்ணீர் மிஞ்சாது. ஒவ்வொரு ரேடியேற்றரின் அடியிலும் ஒரு மூடிக்குள் சிறு திருகு இருக்கிறது. கிட்ட இருப்பதில் அதை இறுக்கி, தூர இருப்பதில் தளர்த்தி, எல்லாவற்றுக்கும் பங்கு பிரிக்கவேண்டும். இரண்டு மணி நேர வேலை. கார்த்திகையில், மகளைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஏற்றும் அவசரத்தில், நான் அதைச் செய்யாமல் போயிருந்தேன்.

ரெலிபோனில் சொன்னால் விளங்காது, குழாயைத் தொட்டுக் காட்டித்தான் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் மச்சான்மார் இருவரையும் அந்தச் சிறிய அறைக்குள் கூப்பிட்டு, கொதிகலனிலிருந்து ஆறுதலாகத் தொடங்கினேன். திருகுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

"அண்ணை, பாடத்தை விடுங்கோ," என்றான் கிளெமென்ற். "மேல வாற குழாயின்ர வால்வை ஆர் பூட்டினதெண்டு இவரைக் கேளுங்கோ. என்ரை பிள்ளை விறைக்குது. இவருக்கு வாடகைக்காரன்தான் பெரிசு."

"கள்ளன் மாதிரிக் கீழ வந்து பூட்டுறது நீயெல்லோடா?"

"வடக்கில, பாட்ஸ்பியோர்ட் துறைமுகத்தில மீன் வெட்டின ஆளுக்கு மனிசரின்ர அருமை எங்க தெரியப்போகுது!"

"அந்த மீன் வெட்டினவன்தான்ரா உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவன். இல்லையெண்டா நீ வெளிநாடு போகக் காத்துக் கொழும்பு லொட்ஜில கிடந்து நாறியிருப்பாய்!"

றெஞ்ச் இறங்கியது. ஞானரட்ணம் தலையை மறைக்கக் கையைத் தூக்கினார். மணிக்கட்டு முறிந்த சத்தம் காய்ந்த விறகு முறிவதுபோல் கேட்டது. அவர் மற்றக் கையால் கிளெமென்ற்றின் கழுத்தைப் பிடித்து, கொதிகலனின் இரும்புக் கதவில் அவன் முகத்தை அடித்தார். ஒருமுறை. இன்னொருமுறை. புருவம் பிளந்து இரத்தம் என் சட்டையில் தெறித்தது. இடையில் விழுந்து பிடித்தேன். யாருடைய முழங்கையோ என் பல்லில் மோதியது.

"நான் விட்ட பிழை!" என்று கத்தினேன். "மேல வால்வை ஒருத்தரும் பூட்டேல்லை! திருகை இறுக்காமல் போனது நான்!"

இருவரும் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார்கள். படியில் அனஸ்ரேசியா நின்றாள்.

"உங்களுக்கு இது எப்ப தெரியும், அண்ணை?"

"நேற்று... நீங்கள் கதைக்கேக்கை."

"அதை ரெலிபோனிலயே சொல்லியிருக்கலாமே."

ஜக்கெற்றை ஞானரட்ணத்தின் தோளில் போட்டு, மருத்துவரிடம் காட்ட அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

நான் முழந்தாளிட்டு முதல் திருகை இறுக்கினேன். நிலத்தோடு ஒட்டிய சின்னச் சன்னலால் கார் தெரிந்தது. அனஸ்ரேசியா ஒரு பக்கக் கண்ணாடியில் பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கிளெமென்ற் செருப்போடு வெண்பனியில் நடந்து போய், மற்றப் பக்கத்தைத் தன் வங்கி அட்டையால் சுரண்டத் தொடங்கினான். புருவத்திலிருந்து இரத்தம் சொட்டியது. உள்ளங்கை அளவுக்குக் கண்ணாடி வெளித்தபோது உள்ளே ஞானரட்ணத்தின் முகம் தெரிந்தது. அவர் அவனைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி, காரின் கதவை உள்ளிருந்து பூட்டினார்.

கிளெமென்ற் சுரண்டிக்கொண்டேயிருந்தான்.