நல்லேரிப்பாக்கத்துக்கு ஒட்டுப் போட்ட கதை

பழைய வரைபடத்தில் ராமபாணப் பூச்சி அரித்துவிட்டதால் நல்லேரிப்பாக்கம் என்ற ஊர் இல்லாமல் போயிற்று. ஊர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு பஸ் பிடித்து வந்து, அந்த வரைபடம் இருந்த அருங்காட்சியகத்தின் பின்வாசலில் உட்கார்ந்தார்கள். வேறு எங்கே போவார்கள், பாவம்.

அங்கே பழைய தாள்களைச் செப்பனிடுவது ஜெசிந்தாவின் வேலை. வரைபடம் பொரித்த அப்பளம் மாதிரி, அழுத்தித் தொட்டால் நொறுங்கிவிடும். அடுத்த வாரம் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும். ஜெசிந்தா மூச்சை அடக்கிக்கொண்டு தூரிகையால் தூசி எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த ஊர் மாசிலாமணி தன் மனைவி வடிவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அவளுக்கு நிறைமாதம்.

"நாள் தள்ளிப் போயிட்டே இருக்குங்கம்மா. வலி வருது, நின்னுடுது. பொறக்கணும்னா ஒரு ஊர் வேணாமா? டாக்டரம்மாவும் அதையேதான் சொல்றாங்க" என்றார் மாசிலாமணி.

நியாயந்தானே. இறங்க இடமில்லாமல் எந்தப் பிள்ளை இறங்கும்? ஜெசிந்தா வடிவுக்கு நாற்காலி போட்டார்.

"ஓட்டையை அடைச்சிடலாம். ஆனா முன்னாடியே சொல்லிடறேன். புதுத்தாள் ஒட்டுவேன், அதுல ஒரு கோடுகூடப் போட மாட்டேன். அழிஞ்சதை நாமளா வரையறது எங்க தொழில்ல பெரிய தப்பு."

"என்ன இருந்துச்சுன்னு நான் சொல்றேங்கம்மா. ஏரி, ரெண்டு தெரு, ஒரு கோயில்."

"நீங்க சொன்னாலும் கூடாதுங்க."

மாசிலாமணியின் முகம் தொங்கிப்போயிற்று. வடிவுதான் வாயைத் திறந்தாள்.

"மண்ணு இருக்கும்ல?"

"இருக்கும்."

"அது போதும்க்கா. மத்ததை நாங்க பாத்துக்குறோம்."

மகராசி, என்ன மனசு பாருங்கள். ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் ஒட்டிய தாளை யாரும் மண் என்று மதித்ததில்லை. மெல்லிய தாளைத் தேயிலைச் சாற்றில் தோய்த்து நிறம் ஏற்றினார். ஓட்டையின் ஓரத்துக்குத் தக்கபடி வெட்டி, மாவுப் பசை தடவிப் பொருத்தினார். மேலே கண்ணாடி வைத்துப் பாரமும் வைத்தார்.

"ஈரம் காயுற வரைக்கும் யாரும் காலை வைக்காதீங்க" என்று பின்வாசலுக்குப் போய்ச் சொன்னார்.

ஊரே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாரத்தை எடுத்ததும் அவளைத்தான் முதலில் வரைபடத்துக்குள்ளே அனுப்பினார்கள்.

எல்லோரும் போன பிறகு பார்த்தால், பின்வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் சேதி வந்தது. பெண் குழந்தை, சுகப்பிரசவம். கூடவே ஒரு தூக்கு நிறையப் பாயசம். அந்த வெட்டவெளியில் அடுப்பு மூட்டி முதல் சமையலை இவருக்கென்று செய்திருக்கிறார்கள். ஜெசிந்தா குடித்துவிட்டு, "கர்த்தரே, நன்றி" என்றார். வேறென்ன சொல்வது?

திறப்பு விழாவில் கூட்டம் நெரிந்தது. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்துப் பேசத் தொடங்கியதும் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை வீறிட்டது. வெளிச்சத்தில் கண் கூசியிருக்கும் என்று ஜெசிந்தா பெட்டிமேல் எரிந்த விளக்கை அணைத்தார். விருந்தினர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மிச்சப் பேச்சைக் குசுகுசுவென்று பேசி முடித்தார். வரிசையில் நின்றவர்கள் இருட்டிலேயே பார்த்துவிட்டு, மனசு நிறைந்து நகர்ந்தார்கள். வரைபடத்தின் கிழக்கோரத்தில் இருந்த கடலும், பிள்ளை கண்ணயரும்வரை அலையடிப்பதை நிறுத்திவைத்தது.