மாப்பிள்ளை கொண்டுவந்த கியர் ஆயில்

அப்பா என்னைக் கட்டிக்கொடுக்க ஒரே ஒரு மத்தியானம்தான் யோசித்தார். தன் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்குக் கியர் ஆயில் தேட ஆடி மாதம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

ஆடிக்குத் திண்டுக்கல் நாகல் நகர் வீட்டுக்கு அழைத்துவந்த அன்றே அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அவரு கை நீட்டுறாருப்பா. நான் திரும்பிப் போகமாட்டேன்."

அப்பா, "ஆடி முடியட்டும் தாயி. ஒன்னையக் கூப்பிட வருவார்ல, நேர்லயே கேட்டுப்புடுறேன்" என்றார். நம்பினேன். நம்பாமல் வேறென்ன செய்ய?

அதன் பிறகு வீட்டில் ஆயில் பேச்சுதான். ஹெரால்டின் கியர் பெட்டிக்குள் பித்தளைச் சாமான்கள் இருக்கின்றனவாம். ஜி.எல். 4 என்று போட்ட ஆயில்தான் அதற்கு ஆகுமாம். ஜி.எல். 5 புதுசு, விலையும் கூட. ஆனால் அதில் கலக்கிற மருந்து பித்தளையை நாளாக நாளாக அரித்துவிடும். திண்டுக்கல் கடைகளில் அஞ்சைத்தான் எடுத்து நீட்டினார்கள். "நாலை விட அஞ்சு ஒசத்தி சார்" என்ற கடைக்காரரிடம், "என் வண்டிக்கு எது ஆகும்னு எனக்குத் தெரியாதாய்யா?" என்று அப்பா சண்டை போட்டுவிட்டு வந்தார். கடைசியில் மதுரையில் நாலு கிடைத்தது. எனக்காக இந்தச் சண்டையில் பாதி போட்டாலும் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்ததும் கீரனூரிலிருந்து என் வீட்டுக்காரர் விக்னேஷ்குமார் வந்து இறங்கினார். அப்பாவிடம் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் பேசுவார். எனக்கு அதெல்லாம் கிடையாது, கைதான்.

"மாமா, வண்டிக்கு ஆயில் மாத்தறீங்கன்னு அத்தை போன்ல சொன்னாங்க. உங்களுக்குன்னே வாங்கியாந்தேனுங்க. இருக்கறதுலயே ஒசந்ததுங்க."

ஜி.எல். 5.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு டப்பாவைப் படித்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதைச் சொல்ல வாய் வந்தால் அதையும் கேட்டுவிடுவார்.

"எதுக்கு மாப்ளே இம்புட்டுச் செலவு?" என்று சிரித்தார்.

"அப்பா, இது நம்ம வண்டிக்கு ஆகாதுல்ல?"

"நீ போய் எலையப் போடு தாயி. மாப்ள ஆசையா வாங்கியாந்திருக்காரு."

மாப்பிள்ளையின் கண்ணெதிரேயே பழைய ஆயிலை வடித்துவிட்டு டப்பா முழுவதையும் வண்டியில் ஊற்றினார்.

சாப்பாட்டில் வெஞ்சனத்தை அள்ளி அள்ளி வைத்தார். "நல்லாச் சாப்பிடுங்க மாப்ளே" என்றார். கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை. அம்மா என் பையை எடுத்து வாசலில் வைத்தாள். என் வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் காதருகே குனிந்தார்.

"கவலப்படாத தாயி. மாப்ள மனசு கோணக் கூடாதுன்னுதான் ஊத்துனேன். அவரு கெளம்பட்டும், வடிச்சுட்டு நம்ம நாலையே ஊத்திக்கிறேன். வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்குப்பா?"

ஆட்டோ வந்து நின்றது.

"ஏறு தாயி. மாப்ள காத்திருக்கார்ல."

பையை நானே தூக்கிக்கொண்டேன். ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் அப்பா வண்டிக்கு அடியில் ஆயில் வடிக்கத் தட்டை வைத்துவிட்டார்.